உளுந்தம்பொட்டு தின்ற குட்டிகள்

எங்கள் ஊரில் உளுந்து அடிக்க ஆள் வேண்டாம், ரோடு போதும். பங்குனி கடைசியில் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிட்டால், நீடாமங்கலம் போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி உதிர்த்துக் கொடுத்துவிடும். டிரைவர்கள் திட்டுவார்கள். பைக்கில் வருகிறவர்கள் சறுக்கிவிட்டுத் திட்டுவார்கள். நாங்களும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை திட்டிவிட்டு, உளுந்தைத் தூற்றி மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். பொட்டு அங்கேயே கிடக்கும். நெற்றின் தோலும் காய்ந்த இலையும் நொறுங்கின கொடியுமாகக் கலந்த அந்தப் பொட்டுக்கு, மாடுகள் இருந்தவரை மதிப்பு இருந்தது. இப்போது எங்கள் தெருவில் மாடு வைத்திருப்பதே ரெண்டு வீடுதான். அதனால் பாதி காற்றில் பறக்கும், பாதி வாய்க்காலை அடைக்கும், மிச்சத்தை யாராவது கொளுத்திவிடுவார்கள்.

அதை வீடு வீடாகக் கேட்டு, ரோட்டோரம் கூட்டி அள்ளி, சாக்கு சாக்காகக் கட்டி வந்து எங்கள் பழைய மாட்டுக் கொட்டகையில் அடுக்கிய பைத்தியக்காரி நான்தான். அப்போது எங்களிடம் ஒரு ஆட்டுக்குட்டிகூட கிடையாது.

"ஆடே வரல, அதுக்குள்ள தீனி சேக்குறியாடி? பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே தொட்டில் கட்டுவ போலிருக்கே" என்றார் எதிர்வீட்டு டீச்சரக்கா. பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டையர் ஆகி வருஷங்கள் ஆகிவிட்டாலும் தெருவில் யார் என்ன செய்தாலும் மார்க் போடாமல் அவரால் இருக்க முடியாது. "கட்டினா என்னக்கா, உங்க வீட்டு உத்தரத்துலயா கட்டுறேன்?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், என்ன செய்வது.

டீச்சரக்காவிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தக் குப்பையை நான் அள்ளியது ஆட்டுக்காக இல்லை, என் புருஷனுக்காக.

இவர் வளைகுடாவில் லாரி ஓட்டினார். கல்யாணமான புதிதில் போனவர். லீவில் வருவார், பெட்டி திறந்ததும் வீடு முழுக்க சோப்பு வாசனை அடிக்கும், அந்த வாசனை அடங்குவதற்குள் கிளம்பிவிடுவார். நிலத்தைப் பார்த்தது, நாற்று விட்டது, ஆள் கூப்பிட்டது, தண்ணீருக்குச் சண்டை போட்டது எல்லாம் நான். மகளைப் பெற்றதும் வளர்த்ததும் நான். சின்ன வயதில் அவளுக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது இவர் போனில், "இப்ப எப்படி இருக்கு?" என்பார். நான் தெர்மாமீட்டரைப் பார்த்துப் படிப்பேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்பார். இங்கே எங்கள் குடும்பம் நடந்தது பாதிக்கு மேல் அந்த ஒரு கேள்வியில்தான்.

போன மாசியில் ஒரேயடியாக வந்துவிட்டார். இடுப்பு வலி. உட்கார்ந்து உட்கார்ந்து ஓட்டி எலும்பு தேய்ந்துவிட்டது. மகள் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். சரி, இனிமேலாவது ரெண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து காபி குடிக்கலாம் என்று நான் ஆசைப்பட்டேன். மனுஷன் காபி குடித்தார், பேப்பர் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். வயலுக்குக் கூட்டிப்போனால் எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும் என்றே தெரியவில்லை. ஆட்கள் இவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. என்னைத்தான் கேட்டார்கள். சொந்த வரப்பிலேயே விருந்தாளி போல ஓரமாக நின்றார். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்போதுதான் அந்தப் போன் வர ஆரம்பித்தது. தரங்கம்பாடிப் பக்கத்து அண்ணன் ஒருவர், இவரை முதல் முதலில் வளைகுடாவுக்குக் கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்டவர், இன்னும் அங்கேயே இருக்கிறவர். "ஸ்டோர் பாக்குற வேலைடா. வண்டி ஓட்ட வேணாம், மூட்டை தூக்க வேணாம், ஏசியில உக்காந்துக்கலாம். வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவர் மறுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. அந்த அண்ணன் பேச்சுக்கு இவர் இதுவரை இல்லை என்று சொன்னதே கிடையாது.

"என்ன சொல்ற நீ?" என்று என்னைக் கேட்டார்.

போகாதீங்க, எனக்கு நீங்க வேணும் என்று சொல்லியிருக்க வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. வாயில் வந்தது வேறு. "போறதுன்னா போங்க, இங்க யாரு உங்களைக் கட்டி வச்சிருக்கா?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். அழுகையும் கோபமும் எனக்கு ஒரே சமயத்தில்தான் வரும்.

அந்தப் பங்குனியில் ஒரு கீதாரி எங்கள் வயலில் கிடை போட்டிருந்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வருஷா வருஷம் அறுவடைக்குப் பிறகு மந்தையை ஓட்டி வருகிறவர்கள் அவர்கள். ராத்திரி வயலில் ஆட்டை அடைத்து வைத்தால் அந்தப் புழுக்கையும் மூத்திரமும் அடுத்த பயிருக்கு எரு. ஒருநாள் காலையில் இவரைக் காணோம் என்று தேடிப் போனேன். கிடையில் குட்டி அடைக்கிற கூடாரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையில் ஒரு கடலைக்கொடியை வைத்து ஒரு குட்டிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். குட்டி இழுக்க, இவர் விடாமல் பிடிக்க, சிரித்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டேன். மறுநாளே பொட்டு அள்ளக் கிளம்பியதற்குக் காரணம் இதுதான்.

கீதாரியிடம் பேசினேன். மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் நடவு ஆரம்பிக்கும், அவர் மந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லாத, பால் மறந்த குட்டிகளாகக் கொஞ்சம் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வெள்ளையும் செவலையுமாக, விலா எலும்பு தெரிய, செம்மறிக் குட்டிகள். அதில் ஒன்றுக்கு மட்டும் கண்ணைச் சுற்றி மை இட்டதுபோலக் கறுப்பு. அன்றைக்குக் கடலைக்கொடியை இழுத்தது அதுதான்.

இவர் குட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தை வரைக்கும் பாப்போம். தேறிச்சுன்னா இங்கயே இருந்துடுறேன். தேறலைன்னா எனக்கு இதுவும் வராதுன்னு அர்த்தம், கிளம்பிடுறேன். அண்ணன்கிட்டயும் பொங்கல் கழிச்சுப் பதில் சொல்றேன்னு சொல்லிட்டேன்" என்றார். அன்றிலிருந்து அந்தக் குட்டிகளின் வயிறுதான் என் தாலி மாதிரி ஆகிவிட்டது.

தீனி விஷயத்தில் எங்களுக்கு வழி சொன்னது ஒரத்தநாட்டு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா. சின்ன வயதுப் பெண், படபடவென்று பேசுவாள். "மேய்ச்சலுக்கு விட உங்க ஊர்ல எடம் ஏது, எங்க பாத்தாலும் நெல்லு. ஆனா உங்களைச் சுத்தித் தீனி கொட்டிக் கிடக்குங்க. உளுந்தம்பொட்டு, கடலைக்கொடி, மில்லுத் தவிடு, செக்குப் புண்ணாக்கு. வெறும் வைக்கோல் போட்டா வயிறு நெறையும், குட்டி வளராது. பொட்டும் கொடியும் சேத்துப் போடுங்க, கொஞ்சம் தவிடு, கொஞ்சம் புண்ணாக்கு, தாது உப்பு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கூடாது. சோறு, கஞ்சி, அரிசி, நெல்லு எதுவும் வேணாம். ஆட்டு வயித்துக்குள்ள அது புளிச்சுப் பொங்கிரும்" என்றாள்.

குட்டிகள் முதலில் பொட்டை மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன. கீதாரியோடு ஊர் ஊராகச் சுற்றிப் பச்சைப் புல் கடித்த மகாராஜாக்கள் அல்லவா! இவர் வெல்லத்தைக் கரைத்து உப்புப் போட்டுத் தெளித்துக் கொடுத்தார். ஒன்று நக்கியது, பக்கத்தில் இருந்தது இடித்துக்கொண்டு வந்தது, அப்புறம் தொட்டியில் தலைக்கு இடமில்லை. கடலைக்கொடி என்றால் உயிர். மழைக்காலத்தில் கொடிப் போரின் ஒரு மூலை நனைந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது. அந்தக் கொடியைத் தூக்கி எறியச் சொன்னபோது இவர் சாவு வீட்டுக்குப் போனவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

லாரிக்காரர் புத்தி எங்கே போகும்? காலையில் எழுந்ததும் வண்டிக்கு ஆயில், டயர் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு குட்டியாகக் கண், குளம்பு, வால் என்று பார்ப்பார். முதுகில் கை வைத்து எலும்பு தட்டுகிறதா என்று தடவுவார். கார்த்திகை கழிவதற்குள் தட்டவில்லை. சதை பிடித்து, ரோமம் மினுங்கி, மார்பு அகன்று, குட்டிகள் துள்ளின. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வயலில் இவரை ஒன்றும் கேட்காத ஆட்கள் கொட்டகைக்கு வந்து, "என்ன தீனி போடுறீங்க?" என்று கேட்டார்கள். இவர் விளக்கம் சொல்லும்போது நான் அடுப்படியிலிருந்து ஒட்டுக்கேட்பேன். பெருமையில் எனக்கு ரசத்துக்கு உப்புப் போட மறந்த நாளெல்லாம் உண்டு.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கல் வந்தது.

எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, குங்குமப் பொட்டு வைத்து, நெட்டி மாலை போட்டு, பொங்கலும் பழமும் ஊட்டுவார்கள். தன் வீட்டில் மாடு இல்லாதவர்களும் அடுத்த வீட்டு மாட்டுக்கு ஒரு பிடி ஊட்டாமல் விடமாட்டார்கள். இப்போது ஊட்டக் கை இருக்கிறது, தின்ன மாடு இல்லை. தெருவில் இருக்கிற ரெண்டு வீட்டு மாடும் பொங்கலைப் பார்த்தாலே தலையைத் திருப்பிக்கொள்கிற அளவுக்குத் தின்றுவிட்டன. அப்போதுதான் டீச்சரக்காவுக்கு யோசனை உதித்திருக்கிறது. தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு நேரே எங்கள் கொட்டகைக்கு வந்தார். அவர் பின்னாடியே தெரு மொத்தமும் வந்தது.

நான் உள்ளே வடை சுட்டுக்கொண்டிருந்தேன். வெளியே "பொங்கலோ பொங்கல்" என்று சத்தம் கேட்டது, சிரிப்புச் சத்தம் கேட்டது. குட்டிகளுக்கு மாலை போட்டுப் போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். இவரைத் தேடி இத்தனை பேர் வந்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷம். எண்ணெய்ச் சட்டியை விட்டு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காணும் பொங்கல். காலையில் தொட்டியில் தீனி போடப் போனேன். ஒரு குட்டிகூட எழுந்து வரவில்லை. வயிறு உப்பி, தலையைத் தொங்கப் போட்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு படுத்திருந்தன. கழுத்தில் நெட்டி மாலை, நெற்றியில் குங்குமம். மூலையில் வாழை இலைகள் கிடந்தன. இலையில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் வீட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"என்னங்க! பொங்கலா குடுத்தீங்க?"

ஓடி வந்தார். "எல்லாரும் ஆசையா வந்தாங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது? அதுவும் சோறு இல்லையேடி, பொங்கல்தானே. பொங்கல் தின்னு யாருக்காவது கெடுதல் வருமா?" என்றார். சொல்லச் சொல்லவே முகம் வெளுத்துப்போனது.

திட்டினேன். இவரைத் திட்டினேன், டீச்சரக்காவைத் திட்டினேன், தெருவையே நிற்க வைத்துத் திட்டினேன். திட்டும்போதே எனக்குத் தெரிந்தது, யார் மேலும் கோபப்பட முடியாது என்று. நெல் விளைகிற ஊரில் ஒரு உயிர் மேல் பிரியம் வந்தால் வேறு என்னத்தைக் கொடுப்பார்கள்? யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பிட்டுட்டுப் போ என்கிற ஜனம் இது.

டாக்டரம்மா பண்டிகை நாளும் பாராமல் ஸ்கூட்டரில் வந்தாள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து பாட்டிலில் ஊற்றிப் புகட்டச் சொன்னாள், ஊசி போட்டாள். "தவிடு, புண்ணாக்கு எதையும் கண்ல காட்டாதீங்க. காஞ்ச வைக்கோல் மட்டும் போடுங்க. இடது பக்கம் விலாவுக்குப் பின்னாடி கை வச்சுப் பாருங்க, உள்ள எழும்பி அடங்கணும். அசை போட ஆரம்பிச்சுட்டா பொழச்சுட்டதுன்னு அர்த்தம். அது வரைக்கும் என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் தெருவில் அன்றைக்கு யாரும் காணும் பொங்கலுக்குப் போகவில்லை. ஆளுக்கொரு கட்டு வைக்கோல் கொண்டு வந்து போட்டார்கள். ஒரு தெருவுக்கே காணும், அவ்வளவு வைக்கோல்! டீச்சரக்கா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு குட்டியின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டே அழுதார். "என் கையால ஊட்டினேனேடி, என் கையால ஊட்டினேனே." அவரைப் பார்த்து நானும் அழுதேன். காலையில் திட்டியதெல்லாம் அதோடு போயிற்று.

மத்தியானம் ஒரு குட்டி செத்துப்போனது. இருப்பதிலேயே பெரியது, ஆசையாக நிறையத் தின்றிருக்கும். இவரே தென்னை மரத்தடியில் குழி வெட்டினார். இடுப்பு வலியோடு வெட்டாதீங்க என்றால் கேட்கவில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி விடு. இதுவும் நமக்கு வராது. அண்ணன் சாயங்காலம் கூப்பிடுறேன்னாரு" என்றார்.

அப்போதும் வாயில் ஒன்றும் நல்லதாக வரவில்லை. "கையைக் கழுவிட்டு வாங்க, உள்ள சோடா புகட்டணும்" என்று மட்டும் சொன்னேன்.

பொழுது சாயச் சாயக் குட்டிகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒன்று புழுக்கை போட்டது, தெருவே கைதட்டாத குறை. ஒன்று வைக்கோலை இழுத்தது. கொஞ்ச நேரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாடை அசைய ஆரம்பித்தது. அசை போடுதே, அசை போடுதே என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்பினார்கள். மை வைத்த குட்டி மட்டும் எழவில்லை. இவர் அதன் தலையை மடியில் வைத்து, இடது விலாவில் காதை ஒட்ட வைத்து உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வைக்கோலை ஒவ்வொரு தாளாக அதன் வாயில் வைத்தேன். ஒன்றை வாங்கியது, இன்னொன்றையும் வாங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

போன் அடித்தது. தவிட்டு டிரம் மேல் கிடந்தது. இவர் கையெல்லாம் சோடாவும் எச்சிலுமாக இருந்ததால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னடா, பொங்கலெல்லாம் ஆச்சா? விசாவுக்குச் சொல்லிடவா?" என்றார் அண்ணன்.

இவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"அண்ணே, இங்க குட்டிக்கு ஒடம்பு சரியில்லண்ணே."

"யாருடா, பாப்பாவுக்கா?"

"இல்லண்ணே, ஆட்டுக்குட்டி. நேத்து பொங்கல் தின்னுடுச்சு."

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

அந்தக் கேள்வி அங்கிருந்து வந்தது. பதில் சொல்ல வேண்டியவர் இங்கே, எனக்குப் பக்கத்தில், புழுக்கை வாசனையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் அசை போடலண்ணே" என்றார் இவர். "அது அசை போடுற வரைக்கும் நான் இங்கேருந்து நகர முடியாது. அந்த வேலையை வேற யாருக்காவது குடுத்துடுங்கண்ணே. மனசுல வச்சுக்காதீங்க."

நான் நிமிர்ந்து குட்டியைப் பார்த்தேன். இவர் மடியில் கிடந்தபடியே, மை வைத்த கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, வாயோரம் ஒரு வைக்கோல் தாள் துருத்திக்கொண்டிருக்க, கீழ்த்தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாவகாசமாக நகர்த்திக்கொண்டிருந்தது. இவர் உள்ளங்கை அந்தத் தாடைக்கு அடியில்தான் இருந்தது.

"என்னங்க, அது..." என்று வாயைத் திறந்தேன். இவர் போனைப் பார்த்துக்கொண்டே, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

என் ஆயுசில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது ரொம்பக் குறைவு. அன்றைக்கு மூடிக்கொண்டேன்.